ஜிப்ரால்டரில் திருப்பி அனுப்பப்பட்ட மதுரை வக்கீல்

பாதுகாப்பு, ராணுவக் கூட்டணி மாதிரி விஷயங்களைக் காட்டுறதுக்காக அரசாங்கங்களே செலவு பண்ணி நிருபர்களைக் கூட்டிட்டுப் போகும் வழக்கம் ஒன்று இருக்கு. அதோட பழைய கதை ஒன்றை இந்த எபிசோடில் சொல்றேன். மதுரையில் ஆரம்பிக்கலாம்.

ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் பிறந்தவர், லண்டனில் பாரிஸ்டர் பட்டம் வாங்கி மதுரையில் வக்கீல் தொழில் பண்ணினவர். குற்றப்பரம்பரைச் சட்டத்தில் சிக்கின கள்ளர் மக்களுக்காக வாதாடினதால், அந்த மக்கள் இவருக்கு வெச்ச பேரு 'ரோசாப்பூ துரை'.

முதல் உலகப்போர் சமயத்தில் அன்னி பெசன்ட் இவரையும், சையத் உசேன், பி.வி. நரசிம்ம ஐயர் ஆகியோரையும் இங்கிலாந்துக்கு அனுப்பினார். ஹோம் ரூல் கோரிக்கையைப் பிரிட்டிஷ் மக்கள்கிட்டயே நேரடியாப் பேசணும், அதுதான் திட்டம். (இந்த நரசிம்ம ஐயர்தான் பிற்காலத்தில் சாய்பாபா வழிபாட்டைப் பரப்பிய நரசிம்ம சுவாமி. அது தனி எபிசோடு!) கப்பல் ஜிப்ரால்டர் வரைக்கும் போச்சு. அங்கேயே மூணு பேரையும் பிடிச்சு ஊருக்குத் திருப்பி அனுப்பிட்டாங்க.

ஆனா அதே போர்க்காலத்தில், 1918-ல், இந்தியப் பத்திரிகைக்காரர்கள் ஐந்து பேரை அதே பிரிட்டிஷ் அரசு விருந்தாளிகளாக இங்கிலாந்துக்கு அழைச்சுது. பிரான்ஸில் போர்முனையையும் சுத்திக் காட்டுனாங்க. லாகூர், கல்கத்தா, புனேன்னு பல ஊர் ஆட்கள். மெட்ராஸிலிருந்து போனவர் 'தி இந்து' ஆசிரியர் கஸ்தூரிரங்க ஐயங்கார்.

ஏன் இந்த உபசாரம்? 1918 மார்ச்சில் ஜெர்மனி மேற்கு முனையில் பெரிய தாக்குதலை ஆரம்பிச்சிருந்தது. பிரிட்டனுக்கு இந்தியாவிலிருந்து இன்னும் சிப்பாய்கள் வேணும். ஏற்கெனவே பத்து லட்சத்துக்கும் மேல இந்தியர்கள் கடல்தாண்டிப் போன போர் அது. சாம்ராஜ்யத்தோட பாதுகாப்பு நம்ம எல்லாருக்கும் பொதுங்கிற எண்ணம் ஊருக்குள்ள போகணும்னா பத்திரிகை வழியாத்தான் போகணும். அதுவும் சர்க்காரைத் திட்டுற பத்திரிகை வழியாப் போனா இன்னும் நம்புவாங்க. 'தி இந்து' ஹோம் ரூலை ஆதரிச்ச பத்திரிகை. அந்தக் கணக்கு புத்திசாலித்தனமானது என்றுதான் எனக்குத் தோணுது.

இந்த உத்தி அத்தோட நிற்கலை. 1940-ல் நெல்சன் ராக்ஃபெல்லர் லத்தீன் அமெரிக்காவிலிருந்து 130 பத்திரிகையாளர்களை அமெரிக்காவுக்கு அழைச்சார். அந்தப் பக்கம் ஜெர்மனியோட செல்வாக்கு வளரக் கூடாதுங்கிற கவலை. அமெரிக்க அரசோட விருந்தினர் பயணத் திட்டத்துக்கு வேர் அதுதான். நம்ம வெளியுறவு அமைச்சகமும் வெளிநாட்டு நிருபர்களை அழைச்சுச் சுத்திக் காட்டுது. அதில் தப்பு ஒண்ணும் இல்லை. நேரில் பார்க்காம எழுதறதைவிட நல்லதுதான். ஆனா போறவர் யார்ங்கிற பட்டியலை மட்டும் பார்த்தா பாதிதான் தெரியும். போகவிடாம நிறுத்தப்பட்டவர் யார்னும் பார்க்கணும். இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து இருக்கும் கொழும்பு பாதுகாப்பு மாநாடு பற்றி ஒரு பயணம் ஏற்பாடாகுதுன்னு வைங்க. பாம்பன் மீனவர் ஒருத்தரைச் சந்திக்கிறது நிகழ்ச்சி நிரலில் இருக்குமா?

சரி, அந்த 1918 செலவுக்குப் பலன் கிடைச்சுதா? 1919 மார்ச்சில் ரவுலட் சட்டம் வந்தப்போ காந்தி மெட்ராஸில் ராஜாஜி வீட்டில் தங்கியிருந்தார். ராஜாஜி குடியிருந்த அந்தப் பங்களாவின் சொந்தக்காரர் கஸ்தூரிரங்க ஐயங்கார். நாடு முழுக்கக் கடையடைப்பு, உண்ணாவிரதம்ங்கிற யோசனை காந்திக்கு அங்கேதான் ராத்திரி கனவு மாதிரி வந்தது, அவரே எழுதியிருக்கார். மார்ச் 26-ம் தேதி மதுரைக்கு வந்து சத்தியாகிரகம் பற்றிப் பேசினார். மதுரையில் அந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கி, கூட்டங்களும் கடையடைப்பும் ஏற்பாடு பண்ணியவர், ஜிப்ரால்டரிலிருந்து திரும்பி வந்த ஜார்ஜ் ஜோசப்.