கத்தும் பெல்ட்டுக்குத் தோல் காலத்து வைத்தியம்

பழைய அம்பாசடரைக் கிளப்பி ஆக்சிலேட்டரை மிதித்ததும் பானட்டுக்குள்ளிருந்து கீச்சென்று கிளம்பும் சத்தத்தை ஒர்க்‌ஷாப்பில் ‘பெல்ட் கத்துது’ என்பார்கள். உடனே ஒரு சோப்புக் கட்டியோ, பெல்ட் டிரெஸ்ஸிங் ஸ்பிரேயோ வெளியே வரும். தடவியதும் சத்தம் அடங்கும், சில நாளில் திரும்ப வரும். கத்துகிற பெல்ட்டின் மேல் எதையாவது பூசினால் தீரும் என்ற நம்பிக்கைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. தோல் பெல்ட்டின் காலத்தில் அது சரியான வைத்தியம். பெல்ட் தோலிலிருந்து ரப்பருக்கு மாறி நூறாண்டு கடந்தும் வைத்தியம் மாறாததால்தான் பழைய வண்டிகளில் கோளாறு ஓரிடத்திலும் பழுதுபார்ப்பு வேறிடத்திலும் நடக்கின்றன.

19ஆம் நூற்றாண்டு ஆலைகளில் ஒரு நீராவி எஞ்சின் கூரையோரத்து நீண்ட தண்டைச் சுழற்றும்; அதிலிருந்து ஒவ்வொரு எந்திரத்துக்கும் தட்டையான தோல் பெல்ட் இறங்கும். இங்கிலாந்தின் ஹல் நகரில் ஜோசப் ஹென்றி ஃபென்னர் 1861இல் தொடங்கியது இத்தகைய தோல் பெல்ட் தொழில்தான். மதுரை கோச்சடை ஆலையால் அந்தப் பெயர் நமக்கும் பழக்கம். தோல் காய்ந்தால் விறைக்கும், வெடிக்கும். அதனால் கொழுப்பும் விளக்கெண்ணெயும் ஊட்டினார்கள். பிடிமானத்துக்கு ரோசின் தேய்த்தார்கள். தட்டையான பெல்ட்டுக்கு மேற்பரப்பின் உராய்வைத் தவிர வேறு பிடி இல்லை என்பதால் அந்தப் பூச்சில் நியாயம் இருந்தது. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரின் ஃபேனும் தட்டைப் பெல்ட்டில்தான் சுழன்றது. அதில் மின்சாரம் தந்தது ஃபிளைவீலோடு சேர்ந்த மேக்னெட்டோ. ஆரம்பத்தில் வந்த சில வண்டிகள் நீங்கலாக, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரும் சூட்டிலேயே தானாகச் சுற்றிவந்தது. பெல்ட்டுக்கு ஃபேன் ஒன்றுதான் பளு. அது வழுக்கினாலும் பெரிய இழப்பில்லை.

அமெரிக்காவின் டென்வரில் ஜான் கேட்ஸ் 1917இல் ரப்பரும் நூலும் சேர்த்து உருவாக்கிய வி-பெல்ட் இந்தக் கணக்கையே மாற்றியது. அது புல்லியின் பள்ளத்தில் ஆப்பு இறங்குவதுபோல இறங்கி இரு பக்கச் சுவர்களையும் நெருக்கும். பள்ளத்தின் கோணம் 40 டிகிரி என்றால், அதே இழுவையில் தட்டைப் பெல்ட்டைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு உராய்வு கிடைக்கும். ஆக, பிடிமானத்தைத் தீர்மானிப்பவை இழுவையும் பள்ளத்தின் சுவர்களும். பெல்ட்டின் ஒட்டும் தன்மை பின்னுக்குப் போய்விட்டது. பளுவும் கூடியது. அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினில் கிராங்க், வாட்டர் பம்ப்-ஃபேன், டைனமோ என்ற மூன்று புல்லிகளையும் ஒரே பெல்ட் சுற்றுகிறது. அதன் வைத்தியம் டைனமோவின் போல்ட்டுகளில் இருக்கிறது. அவற்றைத் தளர்த்தி, டைனமோவை வெளிப்பக்கம் நெம்பிப் பிடித்து, நீள்துளைப் பட்டையில் இறுக்க வேண்டும். நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் தாழ வேண்டும். புல்லிப் பள்ளத்தின் அடி பளபளவென்று மின்னினால், சுவர் தேய்ந்து பெல்ட் தரையைத் தொடுகிறது என்று பொருள். அங்கே ஆப்பு வேலையே நடப்பதில்லை. எந்தப் பூச்சாலும் அதைத் திருப்பித் தர முடியாது.

பூசியதும் சத்தம் நிற்பது கண்ணெதிரே தெரிகிறதே என்று கேட்கலாம். நிற்பது உண்மைதான். ஆனால் தோலுக்கு உணவான எண்ணெய் ரப்பரை ஊதவைத்து மென்மையாக்கும். பிசுபிசுப்பில் புழுதி சேரும். வழுக்கல் சூட்டில் பக்கங்கள் கண்ணாடிபோல் மெருகேறி முன்னைவிட மோசமாகும். புது பெல்ட் மாட்டினால் தீர்ந்துவிடுகிறதே என்பது இதைவிட வலுவான கேள்வி. மெருகேறியதும் ஆயில் ஊறியதும் மாற்ற வேண்டியவைதான். அதில் சிக்கனம் கூடாது. ஆனால் டைனமோ பேரிங் இறுகியிருந்தாலோ, ஒரு புல்லி மற்றவற்றின் நேர்கோட்டிலிருந்து விலகியிருந்தாலோ, புது பெல்ட்டும் சீக்கிரமே கத்தும். அப்போது குற்றம் பெல்ட் கம்பெனியின் மேல் விழும்.

பெல்ட்டின் பிற்கால வரலாறு பளு கூடிய வரலாறுதான். 1940இல் பேக்கார்டு காரில் வந்த ஏசி கம்ப்ரெஸருக்குக் கிளட்ச் இல்லை. குளிர்காலத்தில் நிறுத்த பெல்ட்டையே கழற்ற வேண்டியிருந்தது. 1951இல் கிரைஸ்லர் இம்பீரியலில் பவர் ஸ்டீயரிங் பம்ப் சேர்ந்தது. ஆளுக்கொரு வி-பெல்ட் என்றிருந்த நிலையை 1979 ஃபோர்டு மஸ்டாங்கின் வளைந்தோடும், வரிவரியாகப் பள்ளமுள்ள ஒற்றைப் பட்டைப் பெல்ட் மாற்றியது. ஸ்பிரிங் டென்ஷனர் இழுவையைத் தானே பார்த்துக்கொண்டது. அத்தோடு இந்தப் பேச்சு முடிந்துவிடவில்லை, ஏனென்றால் ஸ்பிரிங்கும் தளரும். இந்த வரிப்பள்ளப் பெல்ட் ஓடும்போது வரிகளின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் கோளாறு எங்கே என்று தெரியும். சத்தம் கூடினால் இழுவை போதவில்லை. கொஞ்ச நேரம் அடங்கி மறுபடி கீச்சிட்டால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. பழைய நியோப்ரீன் பெல்ட் வெடிப்பு விட்டுத் தன் வயதைக் காட்டிக்கொடுத்தது. இப்போதைய ஈபிடிஎம் ரப்பர் பெரும்பாலும் வெடிப்பதில்லை. வரிகளுக்கு இடையிலான பள்ளம் டயர் தேய்வதுபோலச் சத்தமில்லாமல் தேய்கிறது. கண்ணுக்குப் புதிது மாதிரி தெரிகிற பெல்ட்டிலும் அளவுகோலைப் பள்ளத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.