ஜாங் ஹென்ஷுய்

ஜாங் ஹென்ஷுய் (1895 - பிப்ரவரி 15, 1967) சீன நாவலாசிரியர், இதழாளர். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர். அவற்றில் பெரும்பாலானவை நாளிதழ்களில் தொடராக வந்தவை. காதல்கதை எழுத்தாளர் என்றே அறியப்பட்டார். ஆனால் அவருடைய சிறந்த நாவல்களில் காதல் ஒரு சரடு மட்டுமே. செய்தியாளராக அவர் கண்ட பெய்ஜிங் நகரம் அதில் கோக்கப்பட்டிருக்கிறது.

பிறப்பு, பெயர்

இயற்பெயர் ஜாங் ஷின்யுவான். பூர்வீகம் அன்ஹுய் மாகாணத்தின் சியான்ஷான். ஜியாங்ஷி மாகாணத்தில் பிறந்தார். 1912-ல் தந்தை இறந்ததும் உயர்படிப்புக் கனவு முடிந்தது. தாயையும் தம்பி தங்கைகளையும் காக்கும் பொறுப்பு மூத்த மகனான அவர்மேல் விழுந்தது.

‘ஹென்ஷுய்’ என்ற புனைபெயரை தெற்கு தாங் அரசின் கடைசி மன்னர் லீ யூ எழுதிய கவிதை ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டார். ‘ஹென்’ என்றால் ஆறாத மனக்குறை, ‘ஷுய்’ என்றால் நீர். எழுத்தாளர் பிங் ஷின்மீது கொண்ட நிறைவேறாத காதலால் இப்பெயரைச் சூடினார் என்று ஒரு கதை நெடுங்காலம் உலவியது. ‘பிங்’ என்பதற்குப் பனிக்கட்டி என்று பொருள். பனிக்கட்டியாக உறைய முடியாத நீர் என்பது கற்பனை. ஆனால் பிங் ஷின் எழுதத் தொடங்கும் முன்பே ஜாங் இப்பெயரைப் பயன்படுத்தியிருக்கிறார். காதல்கதை எழுதுபவரின் பெயருக்குள்ளும் வாசகர்கள் ஒரு காதலைத் தேடினார்கள் என்பதே இதில் உண்மை.

தொடர்கதைகள்

வூஹு நகரில் இதழாசிரியராக இருந்த ஜாங் 1919-ல் பெய்ஜிங் சென்றார். இதழாளர் செங் ஷெவோ தொடங்கிய ‘ஷிஜியே வான்பாவ்’ மாலை நாளிதழில் 1924 முதல் 1929 வரை ‘சுன்மிங் வைஷி’ தொடராக வந்தது. சுன்மிங் என்பது பழைய தாங் தலைநகரின் வாயில் ஒன்றின் பெயர். தலைநகரையே குறிக்கும் சொல்லாக ஆகிவிட்டது. ‘தலைநகரின் புறவரலாறு’ என்று இத்தலைப்பைத் தமிழில் சொல்லலாம். கதைநாயகன் யாங் ஷிங்யுவான் ஒரு செய்தியாளர். அவனுடைய காதல்களின் ஊடாக அமைச்சர்கள், படைத்தலைவர்கள், நடிகர்கள், கணிகையர், போலிக் கவிஞர்கள் வந்துபோகிறார்கள். எந்தப் பாத்திரம் எந்த உண்மை மனிதர் என்று ஊகிப்பது நகரத்தில் பெரிய விளையாட்டாக இருந்தது. செய்திப்பக்கத்தில் வெளியிட முடியாதவை கதைப்பக்கத்தில் வந்தன.

அடுத்து வந்த ‘ஜின்ஃபென் ஷிஜியா’ (1927-1932) கட்டமைப்பில் இதைவிட உறுதியானது. பிரதமர் ஒருவரின் மகன் ஜின் யான்ஷி, எளிய குடும்பத்துப் பெண்ணான லெங் சிங்சியுவை விரும்பி மணக்கிறான். வழக்கமான காதல்கதை திருமணத்தில் முடிந்துவிடும். இங்கே திருமணத்துக்குப் பின்னர்தான் நாவல் வலுப்பெறுகிறது. தந்தை இறந்து குடும்பம் சிதறுகிறது. கணவனின் அன்பு வற்றுகிறது. அவள் குழந்தையுடன் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள்.

1930-ல் ஷாங்காய் நாளிதழான ‘ஷின்வென் பாவ்’ வெளியிட்ட ‘திஷியாவ் யின்யுவான்’ அவரை நாடறியச் செய்தது. தெருவில் மேளம் தட்டிப் பாடும் ஷென் ஃபெங்ஷியை மாணவன் ஃபான் ஜியாஷு நேசிக்கிறான். படைத்தலைவன் ஒருவன் பணத்தாலும் மிரட்டலாலும் அவளைக் கொண்டுபோகிறான். அவள் பணத்துக்குச் சற்றே மயங்குகிறாள் என்பதுதான் நாவலின் கூர்மை. பின்னர் அடிபட்டு மனம் பேதலிக்கிறாள். ஷாங்காய் வாசகர்கள் வீரக்கதை விரும்பிகள் என்று இதழ் கேட்டுக்கொண்டதால் சண்டைக்கலை அறிந்த தந்தையையும் மகளையும் ஜாங் சேர்த்தார். படைத்தலைவனைக் கொல்பவள் அந்த மகள்தான். ஒட்டுவேலை அங்கங்கே தெரிகிறது. வாசகர்கள் பொருட்படுத்தவில்லை. திரைப்பட உரிமைக்காக இரண்டு நிறுவனங்கள் மோதின. மிங்ஷிங் நிறுவனம் 1932-ல் எடுத்த படத்தில் ஹூ தியே இரட்டை வேடத்தில் நடித்தார்.

விமர்சனங்கள்

மே நான்காம் இயக்கத்தைச் சேர்ந்த நவீன எழுத்தாளர்கள் இவ்வகை எழுத்தை ‘மாண்டரின் வாத்தும் வண்ணத்துப்பூச்சியும்’ பள்ளி என்று இகழ்ந்தனர். மாண்டரின் வாத்து, நம் அன்றில்போல, இணைபிரியாக் காதலரின் குறியீடு. ஜாங் பழைய அத்தியாய நாவல் வடிவத்தையே கைக்கொண்டதும், அத்தியாயத் தலைப்புகளை ஈரடிச் செய்யுளாக இழைத்ததும் அவர்களுக்குப் பிற்போக்காகத் தெரிந்தன. ஆனால் லூ ஷூனின் தாயார் ஜாங்கின் தீவிர வாசகி. மகன் அவருக்காக அந்நாவல்களை வாங்கி அனுப்பியது கடிதங்களில் பதிவாகியுள்ளது.

விமர்சனத்தில் நியாயமும் உண்டு. குடும்பத்தைக் காக்க ஒரே சமயத்தில் பல தொடர்களை எழுதினார். அவற்றில் பலவும் இன்று படிக்கத்தக்கவை அல்ல.

போரும் பின்னும்

ஜப்பானியப் படையெடுப்பின்போது சோங்சிங் சென்று ‘ஷின்மின் பாவ்’ நாளிதழில் பணியாற்றினார். அங்கே எழுதிய ‘எண்பத்தொரு கனவுகள்’ போர்க்கால ஊழலையும் பதுக்கலையும் எள்ளியது. அரசு நெருக்கடியால் தொடர் இடையில் நின்றது. எண்பத்தொன்றில் பதினான்கு கனவுகளே எழுதப்பட்டிருந்தன. மற்றவற்றை எலி தின்றுவிட்டதாக நூலின் தொடக்கத்திலேயே சொல்லிவைத்திருந்தார்.

1949-ல் பக்கவாதம் தாக்கிப் பேச்சும் நினைவும் குலைந்தன. மீண்டும் எழுதப் பழகி, லியாங் ஷான்போ - ஜூ யிங்தாய் காதல் உள்ளிட்ட நாட்டார் கதைகளை நாவல்களாக்கினார். 1967-ல் பெய்ஜிங்கில் மறைந்தார். 1980-களில் அவருடைய நூல்கள் மறுபதிப்பாகத் தொடங்கின. 2003-ல் ‘ஜின்ஃபென் ஷிஜியா’ தொலைக்காட்சித் தொடராக வந்தது.