பரம்பரையலகுச் சிகிச்சை: தலசீமியா நோய்வழி ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சிகிச்சையின் வெற்றி தோல்விகளை மட்டும் எடுத்துரைக்கும் மருத்துவ வரலாறு முழுமை பெறாது. அச்சிகிச்சை முதன்முதலில் யாருடைய உடலிற் பரீட்சிக்கப்பட்டது, அவருக்கு எவை கூறப்பட்டன, அதன் பயன் இறுதியில் யாரைச் சென்றடைந்தது என்பனவும் அவ்வரலாற்றின் கூறுகளேயாம். பரம்பரையலகுச் சிகிச்சை இதற்குத் தக்க சான்றாகும். பீற்றா தலசீமியா என்னும் ஒரு நோயைத் தொடர்ந்து நோக்குவோர்க்கு இச்சிகிச்சையின் தொடக்கமும் இன்றைய நிலையும் ஒருங்கே புலனாகும்.

குருதிச் செங்கலங்களில் ஒட்சிசனைச் சுமந்து செல்லும் புரதம் ஈமோகுளோபினாகும். அதன் ஒரு பகுதியாகிய பீற்றா குளோபினை ஆக்குதற்குரிய கட்டளை ஒரு பரம்பரையலகிற் பொதிந்துள்ளது. பழுதுற்ற அலகைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெறும் குழந்தை இந்நோய்க்கு ஆளாகின்றது. நோய் கடுமையானதாயின், சில வாரங்களுக்கொருமுறை குருதியேற்றுதல் வேண்டும். அதனால் உடலிற் சேரும் இரும்பை அகற்ற மருந்தும் வேண்டும். பழுதற்ற அலகொன்றைக் கலங்களுட் புகுத்துதல், அன்றி உள்ள அலகைத் திருத்துதல் என்பதே பரம்பரையலகுச் சிகிச்சையின் அடிப்படையாகும். கலங்களுள் நுழைவது வைரசுக்களின் இயல்பாதலின், நோய் விளைக்கும் ஆற்றல் நீக்கப்பட்ட வைரசுக்கள் இதற்கு வாகனமாகின்றன.

1972ஆம் ஆண்டில் தியடோர் பிரீட்மன், றிச்சட் றொப்ளின் ஆகிய இருவரும் இச்சிகிச்சையின் சாத்தியத்தை ஆராய்ந்து, போதிய அறிவு கைவருமுன் மனிதரில் இதனை முயலலாகாது என எச்சரித்தனர். ஆயின், 1980ஆம் ஆண்டில் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாட்டின் கிளைன் இஸ்ரேலிலும் இத்தாலியிலும் இரு தலசீமியா நோயாளரிடத்து அதனை முயன்றார். தமது பல்கலைக்கழக மேற்பார்வைக் குழுவின் அங்கீகாரத்தை அவர் பெற்றிருக்கவில்லை. நோயாளர்க்குப் பயன் விளையவில்லை. கிளைன் ஆய்வு நிதியின் ஒரு பகுதியை இழந்ததோடு துறைப் பிரிவொன்றின் தலைமைப் பதவியிலிருந்தும் விலக நேர்ந்தது. அனுமதி என்பது வெறும் சம்பிரதாயமன்று என்பதை ஆய்வுலகு இதனால் உணர்ந்தது.

அங்கீகாரம் பெற்ற முயற்சி 1990ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் நிகழ்ந்தது. நிர்ப்பீடனக் குறைபாடுடைய நான்கு வயதுச் சிறுமிக்கு, அவளுடைய வெண்கலங்களே திருத்தப்பட்டு மீள ஏற்றப்பட்டன. நொதிய மருந்தும் தொடர்ந்து வழங்கப்பட்டமையால் சிகிச்சையின் பயனைத் தனித்து மதிப்பிடுதல் அரிதாயிற்று.

அடுத்த பத்தாண்டின் அனுபவம் கசப்பானது. 1999ஆம் ஆண்டில் ஜெசி கெல்சிங்கர் என்னும் 18 வயது இளைஞர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகப் பரீட்சையொன்றில் வைரசு ஏற்றப்பட்டு நான்கு நாட்களில் இறந்தார். அவரது நோய் உணவுக் கட்டுப்பாட்டாலும் மருந்தாலும் அடங்கியிருந்தது. முன்னைய பரீட்சைகளிற் குரங்குகள் இறந்த செய்தி அவர் கையொப்பமிட்ட சம்மதப் பத்திரத்தில் இடம்பெறவில்லை. மறுபுறம், பாரிசிலும் இலண்டனிலும் கடும் நிர்ப்பீடனக் குறைபாட்டுக்குச் சிகிச்சை பெற்ற 20 குழந்தைகளுட் பெரும்பாலோர் நோய் தீரப் பெற்றனராயினும், ஐவருக்குக் குருதிப் புற்றுநோய் தோன்றியது, ஒருவர் இறந்தார். புகுத்தப்பட்ட அலகு புற்றுநோயைத் தூண்டவல்ல அலகொன்றின் அருகே பதிந்தமையே இதற்குப் பிரதான காரணமாகும். இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தலாகாது. அக்குழந்தைகட்குச் சிகிச்சையின்மை மரணத்தையே குறித்தது; கெல்சிங்கருக்கோ அவ்வாறன்று. இடரை ஏற்பது முறையா என்னும் வினாவுக்கு விடை நோயாளிக்கு நோயாளி வேறுபடும்.

தலசீமியாவுக்கு வழி பின்னரே திறந்தது. பிரான்சில் 2007ஆம் ஆண்டு சிகிச்சை பெற்ற ஓர் இளைஞர் குருதியேற்றமின்றி வாழ்வதாக 2010இல் அறிவிக்கப்பட்டது. பீற்றா குளோபின் அலகைப் புகுத்தும் சின்ரெக்ளோ என்னும் சிகிச்சை 2019இல் ஐரோப்பாவிலும் 2022இல் அமெரிக்காவிலும் அங்கீகரிக்கப்பட்டது. கிறிஸ்பர் முறையால் அலகுகளைத் திருத்தி, கருவிலுள்ளபோது சுரக்கும் ஈமோகுளோபினை மீளச் சுரக்கச் செய்யும் கஸ்கெவி 2023ஆம் ஆண்டு நவம்பரிற் பிரித்தானியாவில் அனுமதி பெற்றது.

மேற்கூறியன யாவும் நோயாளியின் உடற்கலங்களோடு நின்றுவிடுவன. கருவைத் திருத்துதலோ பின்வரும் தலைமுறைகளையும் பிணிக்கும். அவர்கள் சம்மதம் பெறுதல் இயலாது. சீனாவின் ஹெ ஜியன்குயி 2018ஆம் ஆண்டு கருநிலையிலே திருத்தப்பட்ட இரட்டைக் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தபோது உலகெங்கும் கண்டனம் எழுந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். 2019இல் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

சம்மதம் பற்றிய வினாவுக்கு இவ்வாறு விதிகளேனும் உருவாகியுள்ளன. விலை பற்றிய வினாவுக்கு அத்தகைய விதியெதுவும் உருவாகவில்லை. அமெரிக்காவில் சின்ரெக்ளோவின் விலை 28 இலட்சம் டொலராக அறிவிக்கப்பட்டது. ஐரோப்பாவில் விலைப் பேச்சு முறிந்தமையால் 2021இல் அதன் உற்பத்தியாளர் அச்சந்தையைவிட்டே விலகினர். செல்வ நாடுகளின் நிலையே இதுவாயின், இந்நோய் மிகுந்து காணப்படும் மத்தியதரைக் கடற்பகுதி, தென்னாசியா, தென்கிழக்காசியா ஆகியவற்றின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையிலும் குருநாகல் தலசீமியா நிலையம் முதலியவற்றை நாடும் நோயாளர்க்குக் குருதியேற்றமும் இரும்பகற்றும் மருந்துமே பெரிதும் கைகொடுக்கின்றன. 1980இல் அனுமதியின்றித் தொடங்கிய முயற்சி 40 ஆண்டுகளின் பின் அனுமதி பெற்ற மருந்தாகியுள்ளது. அம்மருந்து அந்நோயாளரை எட்டும் வரை இச்சிகிச்சையின் வரலாறு நிறைவுற்றதாகக் கொள்ளல் பொருந்தாது.