கலவை மேசை குடாநாட்டுக்கு வந்த வழி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இசைக்கு ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. அளவெட்டி, இணுவில் வித்துவான்களின் நாதஸ்வரமும் தவிலும் தமிழகத்து மேடைகள் வரை மதிப்புப் பெற்றன. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்துக்குச் சனம் விடியவிடிய இருந்தது. பஞ்சம் இருந்தது பதிவில்தான். எந்தக் குரலைத் தூக்குவது, எந்த வாத்தியத்தை அடக்குவது, எந்தத் தடவை பாடியதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கும் கலவை மேசை, நெடுங்காலம் கொழும்பிலோ சென்னையிலோதான் இருந்தது. கணினியில் இயங்கும் ஒலிப்பதிவு மென்பொருள் அந்த மேசையைக் குடாநாட்டின் வீடுகளுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறது. இதை ஒரு தொழில்நுட்பச் செய்தியாகக் கடந்துபோகாமல், முடிவெடுக்கும் உரிமை இடம்மாறிய வரலாறாகப் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1925 இல் கொழும்பில் தொடங்கிய வானொலி, 1949 இல் ரேடியோ சிலோன் ஆகி, 1967 இல் கூட்டுத்தாபனமாக மாறியது. அந்தக் காலத்தின் ஒலிப்பதிவுத் தரத்தை இன்றைய வீட்டு ஸ்ரூடியோக்கள் எட்டவில்லை என்று வாதிடுவோர் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஒலித்தடுப்புள்ள கூடம், நல்ல மைக், பயிற்சி பெற்ற பொறியியலாளர் மூன்றும் அங்கே ஒன்றாக இருந்தன. ‘சானா’ சண்முகநாதன் வானொலி நாடகத்தை வளர்த்ததும், இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’ யாழ்ப்பாணப் பேச்சை நாடெங்கும் ஒலிக்கச் செய்ததும் அந்த நிலையத்தில்தான். ஆனாலும் கலைஞர் ரயிலேறி, கொழும்பில் வானொலி நிலையம் இருந்த டொரிங்டன் சதுக்கத்துக்குப் போகவேண்டும். அங்கே ஒதுக்கிய நேரத்துக்குள் இராக ஆலாபனையை அடக்கவேண்டும். காந்த நாடாவோ விலைகூடிய பொருள். ஒலிபரப்பு முடிந்ததும் அழித்து, அதன்மேல் வேறொன்றைப் பதிவது உலகெங்கும் வானொலி நிலையங்களின் வழக்கமாக இருந்தது. தரம் உயர்ந்திருந்தது, ஆனால் எதை வைத்திருப்பது என்ற முடிவில் வாசித்தவருக்கோ அவருடைய ஊருக்கோ பங்கு இருக்கவில்லை.

பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் அறிமுகப்படுத்திய கசெற், பதியும் வசதியைப் பரவலாகக் கேட்பவரின் கைக்குக் கொடுத்தது. கோயில் வீதியிலும் கலியாணப் பந்தலிலும் ரெக்கோடரை வைத்து மேளக் கச்சேரியைப் பிடிக்கலாம் என்றானது. ஆனால் சிறிய ரெக்கோடர்களில் ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும் அமைப்பு இருந்தது. தவிலின் தொப்பிப் பக்கத்தில் கழி ஓங்கி விழும்போதெல்லாம் அது மொத்த ஒலியையும் அமுக்கிவிடும்; நாதஸ்வரம் ஒரு கணம் உள்ளே போய், பிறகு மெல்ல மேலே வரும். பழைய மேளக் கசெற்றுகளில் கேட்கும் அந்த மூச்சிழுப்பு, வாசிப்பில் வந்த பிழையென்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அது இயந்திரம் எடுத்த முடிவு. 1933 இல் பிறந்து 1975 இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியை நேரில் கேளாத தலைமுறைக்கு, எஞ்சிய நாடாக்களே அவரைத் தெரிந்துகொள்ளும் வழி. மேசை இன்னும் ஊருக்கு வரவில்லையென்றாலும், பதிவை வைத்திருக்கும் உரிமை வந்துவிட்டது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரியும் தடைப்பட்ட பொருளானது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, சில்லைக் கையால் சுழற்றி, டைனமோ தந்த ஆறு வோல்ற்றில் வானொலியும் பாட்டும் கேட்டார்கள். சுழற்றும் கை தளர்ந்தால் பாடகரின் குரலும் தடித்து இழுபட்டது. அதே ஆண்டில் விடுதலைப் புலிகளின் ‘புலிகளின் குரல்’ வானொலி தொடங்கியது. போராட்டப் பாடல்கள் பலவும் குடாநாட்டிலேயே பதிவாகிக் கசெற்றாக வெளிவந்தன. அப்படியானால் மேசை அப்போதே வந்துவிட்டதே என்று கேட்கலாம். ஊருக்குள் வந்தது உண்மைதான். எனினும் அது ஓர் அமைப்பின் தேவைக்குள் இயங்கிய மேசை. அதில் எல்லாருடைய பாட்டுக்கும் இடம் கிடைக்கவில்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் மக்கள் எடுத்துச்செல்ல முடிந்தது கொஞ்சமே. வீட்டோடு விடுபட்டவற்றோடு கசெற்றுகளும் போயின.

குடாநாடு இருளில் இருந்த அதே ஆண்டுகளில்தான் உலகத்தில் ஒலிப்பதிவு கணினிக்குள் நுழைந்தது. 1991 இல் வந்த புரோ டூல்ஸுக்குத் தனி வன்பொருள் தேவைப்பட்டது. 1996 இல் வந்த கியூபேஸ் விஎஸ்ரி, கலவை மேசையையும் ஒலிச்சீராக்கிகளையும் கணினித் திரைக்குள்ளேயே கொண்டுவந்தது. 2000 இல் ஓடாசிட்டி இலவசமாகக் கிடைத்தது. குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2002 இல் திறந்து, 2006 ஓகஸ்ட்டில் மூடி, 2009 இல் போர் முடிந்தபின் திரும்பவும் திறந்தது. அதனோடு இந்த வசதிகளும் வீடுகளுக்குள் பரவின. இன்று ஒரு மடிக்கணினி, இரண்டு மைக், ஓர் ஓடியோ இன்ரர்ஃபேஸ் இருந்தால் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என்று தனித்தனித் தடத்தில் தவிலைப் பதியலாம். கழியின் அடியை மட்டும் தணித்து, கூடு போட்ட விரல்களின் சொற்கட்டைத் தெளிவாக மேலே எடுக்கலாம். கசெற் ரெக்கோடர் தானே எடுத்த முடிவை இப்போது தவிலை அறிந்த காது எடுக்கிறது. கொக்குவிலில் பாடிய தடத்துக்கு ரொறொன்ரோவில் ஒருவர் கீபோர்ட் சேர்த்து அனுப்ப முடிவதால், போர் சிதறடித்த சமூகம் ஒரே பாட்டில் கூடி வேலை செய்யவும் வழி பிறந்திருக்கிறது.

மென்பொருள் எல்லா இசையையும் ஒரே அச்சில் வார்க்கிறது என்பது வலுவான மறுப்பு. திரையில் விரியும் தாளக் கட்டம் சீரான வேகத்தை எதிர்பார்க்கிறது; மேளமோ காலம் போகப்போக இறுகி ஏறுவது. 1997 இல் வந்த ஓட்டோ ரியூன் போன்ற சுருதி திருத்திகள் பன்னிரண்டு சுரத்தானங்களுக்குக் குரலை இழுக்கும்போது, தோடி இராகத்தின் காந்தாரம் அசைவை இழந்து தட்டையாகிவிடும். ஆனால் இவை நிறுவனம் முன்கூட்டி வைத்துவிட்ட ஏற்பாடுகள். கட்டத்தை மறைக்கலாம், திருத்தியை நிறுத்தலாம். நிறுத்த வேண்டும் என்று தெரிந்த காதுதான் அரிது. அதனால் மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகத்தின் வழிவந்த இசைக் கல்வியில் சுரஞானமும் ஒலிக்கலவையும் பக்கத்துப் பக்கத்துப் பாடங்களாக வேண்டும். கமகம் அறியாதவர் கையில் மேசை இருந்தால், அது யாழ்ப்பாணத்தில் இருந்தும் பயனில்லை.

கணினிக் கோப்பு கசெற்றைவிட விரைவில் அழியும் என்ற அச்சமும் நியாயமானது. 1981 இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களை இழந்த சமூகம், ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பதன் விலையை அறியும். கணினிக் கோப்பைத் தரம் குறையாமல் எத்தனை பிரதியும் எடுக்கலாம். எடுக்காமல் விடுவதே ஆபத்து. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய ஆவணத் திட்டம் அச்சு நூல்களோடு நில்லாமல் ஒலி ஆவணங்களையும் சேர்க்கிறது. ஆவணத் தரத்தில், 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸில், ஒரு மணிநேர ஸ்ரீரியோ ஒலி ஏறக்குறைய 2 ஜிகாபைற் பிடிக்கும். இன்று அது பெரிய செலவில்லை. ஆகவே இரைச்சல் நீக்கி மெருகேற்றிய பாட்டோடு, கைவைக்காத மூலத் தடங்களையும், வாசித்தவர் பெயர், ஊர், நாள் எழுதி ஒப்படைப்பது வழக்கமாக வேண்டும். நாளை வருபவர் இன்றைய கலவையை ஏற்காமல் தன் காதால் வேறு கலவை செய்யும் உரிமையும் அதில்தான் அடங்கியிருக்கிறது.