நாற்றம்: ஒரு சொல்லின் வரலாறும் மூளை அளவீடும்

திருக்குறளின் 27ஆம் குறள் ஐம்புலன்களை எண்ணுகையில் மூக்கின் புலனை நாற்றம் என்றே குறிக்கிறது. 650ஆம் குறள், கற்றதைப் பிறர் உணருமாறு விரித்துரைக்க இயலாதவரை நாறாத மலருக்கு ஒப்பிடுகிறது. அங்கே நாறுதல் மலரின் சிறப்பு. நாறாமை அதன் குறை. இன்றோ பூ நாறுகிறது என்றால் அது அழுகிவிட்டது என்றே பொருள்படும். இத்தகைய மாற்றத்தை மொழியியலார் இழிபொருட்பேறு என்பர். 'துர்நாற்றம்' என்னும் சொல்லே இதற்குச் சான்று. நாற்றம் தொடக்கம் முதலே தீயதாயிருந்தால், 'துர்' என்னும் முன்னொட்டு தேவைப்பட்டிராது.

அண்டை மொழிகளிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. கன்னடத்தில் 'கம்ப்பு' நறுமணம். இன்றைய தெலுங்கில் அதே சொல் வீச்சம்.

இச்சொல் வரலாற்றுக்கும் மூளை ஆய்வுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார். ஆயினும் மணத்தை அளப்பது எளிதாயில்லை. மணம் காற்றோடு வருவது. காற்று மூக்கில் படுவதே தனியொரு தொடுவுணர்வு. வெதுவெதுப்பும் ஈரமும் மாறாத காற்றோட்டத்தினுள் மணத்தை நொடிப்பொழுதில் செலுத்தும் கருவியைக் கெர்ட் கோபால் உருவாக்கிய பின்னரே இத்தடை பெரிதும் நீங்கியது. 1997இல் சால்டும் பார்டோவும், வெறுப்பூட்டும் மணம் மூளையின் அமிக்டலாவை வலுவாகத் தூண்டுவதைக் காட்டினர். 2003இல் ஆண்டர்சன் குழுவினர் மணத்தின் செறிவையும் இனிமையையும் பிரித்து ஆராய்ந்தனர். அமிக்டலாவின் துலங்கல் செறிவைச் சார்ந்தது. கண்குழிக்கு மேலுள்ள முன்மூளைப் பகுதியின் துலங்கல் இனிமையைச் சார்ந்தது.

மொழியியலுக்கு முதன்மையானது 2005இல் டி அரௌஜோ, ரோல்ஸ் முதலியோர் ஆக்ஸ்போர்டில் வெளியிட்ட ஆய்வு. ஒரே மணத்தை ஒருமுறை 'செடார் பாலாடைக்கட்டி' என்ற சொல்லோடும், மறுமுறை 'உடல் நாற்றம்' என்ற சொல்லோடும் முகரச் செய்தனர். முன்னதை மக்கள் இனியதாக மதிப்பிட்டனர். மூளையின் துலங்கலும் அதற்கேற்ப மாறியது. மூக்கை அடைந்த மணம் ஒன்றே. மாறியது சொல் மட்டுமே.

எனவே இத்தகைய ஆய்வை நம் நிலத்தில் நிகழ்த்துவோர்க்கு மொழிபெயர்ப்பு சிறு பணியன்று. சுவர்ணமுகி ஆற்றங்கரையிலுள்ள நாயுடுபேட்டை போன்ற எல்லைப்புற ஊரில், தமிழும் தெலுங்கும் அறிந்த ஒருவரிடம் வினாத்தாள் நீட்டப்படுவதாகக் கொள்வோம். 'இந்த நாற்றம் எப்படியுள்ளது?' என்றோ, 'கம்ப்பு' என்றோ கேட்டால், அவர் முகருமுன்பே தீர்ப்பு பாதி எழுதப்பட்டுவிடும். 'வாசனை' என்று கேட்டாலோ தராசு மறுபுறம் சாயும். பேச்சு வழக்கில் அச்சொல்லும் நன்மணத்தையே பெரிதும் சுட்டுகிறது. சார்பற்ற பொதுச்சொல்லாகிய நாற்றத்தை வழக்கு நம்மிடமிருந்து பறித்துக்கொண்டது. ஆகவே முதலில் பெயரிடாமல் முகரச் செய்து, இனிமையையும் செறிவையும் தனித்தனி அளவுகோலில் குறிக்கச் செய்வதே தக்கது. கருவி எத்துணை நுட்பமானதாயினும், வினாவில் புகுந்த சாய்வு விடையிலும் தங்கிவிடும்.