'கூடு' என்னும் வினைச்சொல்லின் வரலாறு



அண்மையில் இரண்டாம் ஆண்டு வகுப்பில் கூட்டல் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். "ஐயா, அப்பா இத பிளஸ்னுதான் சொல்வாரு. கூட்டுன்னா அம்மா சமைக்கிறதுதானே?" என்று ஒரு மாணவன் வினவினான். வகுப்பே சிரித்தது. எனக்கோ அது நல்ல ஆய்வு வினாவாகத் தோன்றியது.

இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவையே. 'கூடு' என்பது தன்வினை, தானே ஒன்றுசேர்தல். டகரம் இரட்டித்தால் 'கூட்டு' என்னும் பிறவினை, பிறவற்றை ஒன்றுசேர்த்தல். ஓடு-ஓட்டு, ஆடு-ஆட்டு என்பனவும் இவ்வாறு அமைந்தவையே. எண்களைச் சேர்ப்பது கூட்டல். பருப்பையும் காயையும் சேர்த்துச் சமைப்பது கூட்டு. மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளிலும் இவ்வினை உண்டு. ஆகவே, மொழியியலார் இதனைத் திராவிட மொழிக்குடும்பத்தின் பொதுச்சொத்தாகக் கொள்வர்.

சங்க இலக்கியத்தில் மதுரைக்குக் 'கூடல்' என்று பெயர். ஆண்டாள் அருளிய நாச்சியார் திருமொழியின் நான்காம் பகுதி 'கூடல் இழைத்தல்' பற்றியது. கண்ணை மூடி மணலில் வட்டம் வரைவர். முனைகள் கூடினால் தலைவனும் வந்து கூடுவான் என்பது நம்பிக்கை.

நம் பிள்ளைகள் 'கூடாது' என்பதைத் தடைச்சொல்லாகவே அறிவர். திருக்குறளின் 83ஆம் அதிகாரமோ 'கூடாநட்பு'. உள்ளம் ஒன்றாமல், வெளியே மட்டும் நண்பராய் நடிப்போரின் உறவு அது. பொருந்தாதது என்னும் பொருளே நாளடைவில் செய்யத்தகாதது என விரிந்தது.

தோட்டத் துண்டாடல் நம்மவரை அலைக்கழித்த காலத்தில், 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரிலும் இவ்வினையே நிற்கிறது.

2003இல் நம் நாட்டுப் பள்ளிகளில் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை தொடங்கியது. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல. அதனைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பயின்றோர் பலருக்குக் கூட்டலும் கழித்தலும் பழகாமலே போயின. அவர்களுள் சிலர் இன்று பெற்றோர். அம்மாணவனின் தந்தையைக் குறைகூற இயலுமா? அவருக்கு நாம் அச்சொல்லைக் கொடுக்கவில்லை.

பெற்றோர்களே, இன்றிரவு பிள்ளையின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, 'கூட்டு' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பள்ளிக்கூடம் என்னும் சொல்லிலும் 'கூடம்' உண்டு. வீடும் பள்ளியும் கூடினால்தான் மொழி கைகூடும்.