பணம் சென்ற வழியும் கள்வர் வந்த வழியும்

பணத்தை மடியிற் கட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் சென்ற காலத்தில் வணிகனை வாட்டிய அச்சம் வழிப்பறி அச்சமே. அதனைப் போக்க எழுந்ததே உண்டியல் முறை. ஓரூரிற் பணத்தைச் செலுத்திச் சீட்டைப் பெற்றவன், வேற்றூரில் அச்சீட்டைக் காட்டிப் பணத்தைப் பெற்றான். கொழும்புச் செட்டியார் தெருவிலே தொழில் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டிமார் இம்முறையிற் கைதேர்ந்தவர்கள். பணம் வழியில் அலைவது இதனாற் குறைந்தது. ஆயின், அதனோடு புதியதோர் ஐயமும் பிறந்தது. சீட்டைக் கொண்டுவந்து நிற்பவன் அதற்கு உரியவன்தானா? அதிலுள்ள எழுத்து, எழுதியதாகச் சொல்லப்படுபவரின் எழுத்துத்தானா? இன்று கைத்தொலைபேசி வாயிலாக வங்கிக் கணக்கை நடத்துவோர் முன்னும் இதே வினாவே நிற்கின்றது.

தொலைவிலிருந்து செய்யும் மோசடி இணையத்தோடு தோன்றியதன்று. மின்சாரத் தந்தி பரவுமுன்னரே, பிரான்சு நாட்டில் உயர்ந்த கோபுரங்களின்மேல் மரக்கைகளை அசைத்துச் செய்தி அனுப்பும் முறை இருந்தது. அது அரசாங்க அலுவலுக்கு மட்டுமே உரியது. போர்டோ நகரிற் பங்கு வியாபாரம் செய்த பிளாங்க் சகோதரர் இருவர், பாரிசுச் சந்தையின் ஏற்ற இறக்கத்தை ஏனையோருக்கு முன்னரே அறிய விரும்பினர். 1834 ஆம் ஆண்டு தொடக்கம் அவர்கள் தூர் நகரத்துத் தந்தி ஊழியருக்குக் கையூட்டுக் கொடுத்து, அரசாங்கச் செய்தியினூடே திட்டமிட்ட பிழையொன்றைச் சேர்ப்பித்தனர். அப்பிழையே அவர்களுக்கு உரிய குறிப்பு. 1836 இல் இச்சூழ்ச்சி வெளிப்பட்டபோது, அதற்கெனப் பொருந்திய சட்டம் நாட்டில் இருக்கவில்லை. மறு ஆண்டிலேதான் சட்டம் பிறந்தது. இங்கே கோபுரமும் இடியவில்லை, கருவியும் பழுதடையவில்லை. கருவியை இயக்கிய மனிதனே விலைபோனான்.

அடுத்த பெருமாற்றம் 1967 ஆம் ஆண்டு யூன் மாதம் 27 ஆந் திகதி நிகழ்ந்தது. அன்று இலண்டனின் என்பீல்டுப் பகுதியிலே, பார்க்ளேஸ் வங்கி தானாகப் பணம் வழங்கும் இயந்திரத்தைத் திறந்து வைத்தது. அதனை ஆக்கிய ஷெப்பர்ட் பாரன், இரகசிய இலக்கம் ஆறு எண்களைக் கொண்டிருக்க வேண்டுமென முதலிற் கருதினார். தம் மனைவியாருக்கு நான்கு எண்களே நினைவில் நின்றமையால் அதனை நான்காகக் குறைத்ததாகப் பின்னாளில் அவரே கூறினார். வாடிக்கையாளரின் முகத்தை அறிந்த காசாளர் இருந்த இடத்தில் இலக்கம் வந்து அமர்ந்தது. இயந்திரத்துக்கோ முகம் தெரியாது. இலக்கத்தைச் சொல்பவன் எவனோ அவனையே அது உரியவனாகக் கொள்ளும்.

இதன்பின் கணித அறிஞர் வழியைக் காத்தனர். 1976 இல் டிபி, ஹெல்மன் ஆகிய இருவரும், முன்பின் சந்தியாத இருவர் யாவரும் அறியும் வழியினூடே இரகசியமாகப் பேசத்தக்க முறையை வெளியிட்டனர். அவ்வழியில் வளர்ந்த மறையீட்டு முறைகளே இன்றைய இணைய வங்கியின் அரண். அதனூடே செல்லும் செய்தியை இடையிற் பறிப்பவனால் அதன் பொருளை அறிதல் மிக அரிது. ஆகவே கள்வன் வழியைக் கைவிட்டு வாயிலைத் தேடி வந்தான்.

பங்களாதேஷ் மத்திய வங்கிக்கு நேர்ந்த கதி இதற்குத் தக்க சான்று. அமெரிக்க நீதித் திணைக்களம் 2018 இல் வெளியிட்ட குற்றச்சாட்டின்படி, 2015 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே வேலை தேடுவோர் எழுதியவை போன்ற மின்னஞ்சல்கள் அவ்வங்கி ஊழியருக்கு வந்தன. அவற்றின் வழியே நுழைந்தோர் ஓராண்டு காலம் பொறுத்திருந்தனர். 2016 ஆம் ஆண்டு பெப்ரவரி 4 ஆந் திகதி இரவு, நியூயோர்க்கிலிருந்த அவ்வங்கியின் கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டொலரை அனுப்புமாறு 35 பொய்க் கட்டளைகள் சென்றன. மறுநாள் டாக்காவிலே வார விடுமுறை. அடுத்து நியூயோர்க்கில் வார இறுதி. அதன்பின் மணிலாவிலே சீனப் புத்தாண்டு. ஒருவரையொருவர் கேட்டறிய முடியாத நாட்களையே கள்வர் தேர்ந்தனர். 8 கோடியே 10 இலட்சம் டொலர் மணிலாவுக்குச் சென்று, அதிற் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளில் மறைந்தது.

இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டொலர் மட்டும் தப்பியது. பெறுநரின் பெயரில் ‘பவுண்டேசன்’ என்று இருக்கவேண்டிய சொல் ‘பண்டேசன்’ என்று பிழையாக இருந்தது. இடையிலிருந்த ஜேர்மன் வங்கி அதனைக் கண்டு விளக்கம் கேட்டது. இலங்கை வங்கியிலும் தொகையின் பருமை ஐயத்தை எழுப்பியது. ஒருவர் சற்று நின்று, ‘இது உண்மைதானா?’ என்று கேட்டதனாலேயே அப்பணம் மீண்டது.

இலங்கையிலும் சட்டங்கள் உள. 2006 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டம் பணம் செலுத்தும் அட்டை முதலிய சாதன மோசடிகளையும், 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டம் கணினிக் குற்றங்களையும் தண்டிக்கின்றன. எனினும், போன பணத்தைச் சட்டம் உடனே மீட்டுத் தருவதில்லை. இன்று ஒவ்வொரு கணக்குடையாரும் தம் பெட்டகத்துக்குத் தாமே காவலர். பரிசு விழுந்ததென்றும், கணக்கு முடக்கப்படுமென்றும் அழைப்போர் யாவரும் வேண்டுவது அவசரம் ஒன்றையே. அந்த அவசரத்துக்கு இடங்கொடாமையே முதற் காவல். தொலைபேசிக்கு வரும் ஒருமுறை இலக்கத்தை வங்கி ஊழியர் என்போருக்கும் சொல்லலாகாது. பணத்தைப் பெறுவதற்கு இரகசிய இலக்கம் தேவையில்லை. குறுந்தகவலில் வரும் இணைப்பின் வழியே வங்கிக்குள் நுழைதலும் தகாது. ஐயம் எழுந்தால், அழைப்பைத் துண்டித்து, அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள எண்ணுக்குத் தாமே பேசுதல் வேண்டும். காரணமின்றித் தொலைபேசித் தொடர்பு அற்றுப்போயின், வேறொருவர் அதே எண்ணுக்குப் புதிய அட்டை பெற்றிருக்கவுங் கூடும். வேறு தொலைபேசியிலிருந்து வங்கிக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் உடனே அறிவித்தல் நன்று.

உண்டியலைக் கையில் வாங்கிய கடைக்காரர், எழுத்தை ஒத்துப்பார்த்த பின்னரே பணத்தை எண்ணினார். வந்து நிற்பவன் எத்துணை அவசரப்படுத்தினும் அவர் தம் வழக்கத்தைக் கைவிடவில்லை. அந்நிதானமே இன்றும் பணத்துக்குக் காவல்.